ஓரகத்திகள் பிடித்த மடவைக் குஞ்சுகள்

1

சென்ற வாரம் மூத்தவள் போனில் கேட்டாள்: "சாமான் கட்டிக்கிட்டு இருக்கேன். இந்த மீன் கூண்டை நான் எடுத்துக்கவா, நீ வெச்சுக்கிறியா?" அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் எதுவுமே இல்லை. அப்படி உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததுதான் இது.

முதலில் எழுதிய வரி: 'கழிமுகத்தில் காலை வெயில் வெள்ளியை உருக்கி ஊற்றியது.' அடித்துவிட்டேன். நாங்கள் போன காலைகளில் பாதி மேகமூட்டம்.

இரண்டாவது: 'அவர்கள் இருவரும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள்.' இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன், தம்பி இருவர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தம்பி பஸ் டிரைவர். அண்ணன் மனைவி மூத்தவள், பள்ளிச் சீருடை தைக்கிறவள். தம்பி மனைவி சின்னவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். சின்னவள் நானேதான். ஆனால் 'நான்' என்று எழுதினால் நியாயமெல்லாம் என் பக்கம் வந்து குந்திக்கொள்ளும். அதனால் கதைக்குள் அவள் 'சின்னவள்'. நான் வெளியே, இந்த மேசையில்.

2

ஒரே சமையலறையில் முதல் வருடம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் "உப்பு போட்டாச்சா?", "போட்டாச்சு" என்பதோடு சரி. ஒருத்தி கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை இன்னொருத்தி மறுபடி கழுவுவாள். சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போடவும் பேச வேண்டுமே.

பேச வைத்தது மீன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் ஆறு கடலில் சேரும் இடத்துக்குத் தூண்டிலோடு போவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரே வகை மீன். மணலுக்குள் உடம்பைப் புதைத்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்துக் கிடக்கும் தட்டைத்தலையன். (புத்தகத்தில் வேறு பெயர் இருக்கலாம். எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.) சின்னது எதையும் தின்னும், பெரியது கிடைக்க வேண்டுமென்றால் அதன் தலைக்கு மேலே உயிருள்ள ஏதாவது நீந்திப் போக வேண்டும் என்பது அண்ணனின் கொள்கை. அந்த 'உயிருள்ள ஏதாவதை'ப் பிடிக்கும் வேலை பெண்களிடம் வந்தது.

"நீங்க ரெண்டு பேரும் சும்மாதானே வர்றீங்க" என்றார் அண்ணன்.

விடிவதற்கு முன் எழுந்து நாலு பேருக்கும் சாப்பாடு கட்டிவிட்டுச் சும்மா வந்த இருவரும் கூண்டை வாங்கிக்கொண்டார்கள்.

கூண்டு என்றால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி. இரண்டு முனையிலும் புனல் மாதிரி வாய். உள்ளே போக வழி தெரியும், வெளியே வரத் தெரியாது. [இங்கே 'கல்யாணம் மாதிரி' என்று எழுதி அடித்தேன். எல்லோரும் அடிக்கிற ஜோக்.] உள்ளே ரொட்டித் துண்டு. முழங்கால்கூட நனையாத தண்ணீரில், மணல் தரையில் அதை வைத்து, சுற்றிலும் ரொட்டித் தூளைத் தூவிவிட்டுப் பின்னால் வந்து அசையாமல் நிற்க வேண்டும். முதலில் ஒரே ஒரு மடவைக் குஞ்சு வரும். மோந்து பார்த்துவிட்டு ஓடும். போய் யாரிடம் என்ன சொல்லுமோ, சற்று நேரத்தில் தண்ணீருக்கு நரை விழுந்த மாதிரி ஒரு கூட்டமே வந்து நிற்கும்.

சின்னவள் அவசரக்காரி. இரண்டு உள்ளே போனதும் கூண்டைத் தூக்கக் கை நீட்டிவிட்டாள்.

"இருடி! ஊசியில நூல் கோக்கறப்போ கைய ஆட்டினா ஆகுமா?"

முதல் 'டி' அதுதான். சின்னவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மா வீட்டைவிட்டு வந்த பிறகு அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு வாய் ஓயவில்லை. வாளித் தண்ணீரை மாற்றும்போதும், அதன்மேல் ஈரத் துண்டைப் போர்த்தும்போதும் பேச்சு. மூத்தவளுக்குத் தைத்துத் தைத்துக் கனவுகூட நீலக் கலரில்தான் வருமாம். சின்னவள் கடைக்கு ஒருவர் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு, கண்ணாடி தொலைந்துவிட்டது, வேறு செய்து கொடு என்று வந்தாராம். அவர்கள் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்து அண்ணன் கத்துவார்: "மீனெல்லாம் ஓடப்போவுது!" ஓடியதில்லை.

3

இனி சண்டை. இங்கேதான் எனக்குக் கை நின்றுபோகிறது.

[முதல் வரைவு: 'அப்பா விட்டுப்போன வீட்டைப் பிரிப்பதில்...'] பொய்.

[இரண்டாம் வரைவு: 'கடைசிக் காலத்தில் அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று...'] அதுவும் பொய். அம்மாவை இருவருமே உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள்.

நடந்தது இதுதான். கடல் உள்வாங்கி நீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். தம்பியின் தூண்டில் வில்லாக வளைந்தது. அண்ணன் கைப்பிடி போட்ட வலையோடு தண்ணீரில் இறங்கினார். மீன் மேலே வந்தபோது நால்வரும் பார்த்தார்கள். அவ்வளவு அகலமான தலையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தலைப் பக்கமாக வலையைக் கொடுக்க வேண்டும். அண்ணன் பதற்றத்தில் வால் பக்கம் கொடுத்தார். மீன் ஓர் உதறு உதறியது. வலையின் விளிம்பு தூண்டில் நரம்பைத் தட்டியது. முள் கழன்றது. கலங்கிய தண்ணீர் தெளிந்தபோது மணல்தான் இருந்தது.

"வேணும்னே செஞ்சே" என்றார் தம்பி.

விளையாட்டென்று நினைத்து அண்ணன் சிரித்தார். "டேய், மீனுடா."

"மீன் மட்டுமா? எனக்குன்னு எது கைக்கு வந்தாலும் உனக்குப் பொறுக்காது. சின்ன வயசுலேர்ந்தே."

அண்ணன் வலையை மணலில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். மனைவியை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு போனார். அந்த மாதமே தனி வீடு பார்த்தார். அதோடு பேச்சு நின்றது. சின்னவளின் தலையில் நரை எட்டிப்பார்க்கும்வரை நின்றது.

இதை மூத்தவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"மீனுக்காகப் பேசாம இருந்தாங்கன்னா எவ நம்புவா? வீட்டுத் தகராறுன்னு எழுதிடு."

"அது பொய்க்கா."

"கதைதானே எழுதறே?" என்றாள். "அவர் வேணும்னு செய்யலடி. அதையாவது எழுது."

"இவருக்கும் அது தெரியும்க்கா."

"தெரிஞ்சு என்ன பண்ண? வாயில வரணுமே."

4

ஆண்கள் மீன் பிடிப்பதையே விட்டுவிட்டார்கள். பெண்கள் விடவில்லை. ஒருத்தி துணி எடுக்கப் போகிறேன் என்பாள். இன்னொருத்திக்குப் பல் வலி. இருவரும் அதே ஆழமில்லாத தண்ணீரில் வந்து நிற்பார்கள். கூண்டை வைப்பார்கள். நிறைந்ததும் வாளியில் கொட்டி, குனிந்து, அந்தக் குஞ்சுகள் வட்டமடிப்பதைப் பார்ப்பார்கள். பிறகு வாளியைச் சாய்த்துவிடுவார்கள். எந்தத் தூண்டிலுக்கும் போகாத இரை.

[இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். ஊறிய ரொட்டியின் புளித்த வாசனை, மூத்தவளின் விரல் நுனியில் ஊசி குத்திய கரும்புள்ளிகள், தண்ணீருக்கடியில் எங்கள் பாதங்கள் யாருடையவோ போல வெளுத்துத் தெரிவது. எழுத எழுத அந்தக் காலைகள் அழகாகிக்கொண்டே போயின. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குளிரும் இருந்தது. கொசுவும் இருந்தது. இருந்தும், இன்னொரு முறை கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.]

ஒருநாள் மூத்தவள் பழைய போர்வையில் சுருட்டி எதையோ கொண்டுவந்தாள். அவள் கணவரின் தூண்டில். "நாமளே போட்டுப் பாப்போமே."

மடவைக் குஞ்சின் மேலுதட்டில் முள்ளை மாட்டி, பள்ளம் தொடங்கும் இடத்தில் விட்டார்கள். தட்டைத்தலையன் ஒன்று கவ்வியது. சின்னவள் வெறுங்கையால் அதன் தலையைப் பிடிக்க, செவுள் ஓரத்து முள் கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அவர்களுக்கு வந்தது ஒரே கவலைதான்.

"யார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது?"

"எங்க வீட்டுக்குன்னா, யாரு பிடிச்சதுன்னு கேப்பாரு."

"துணிக்கடையில பிடிச்சேன்னு சொல்லுடி."

சிரித்துச் சிரித்துத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மீனை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் சின்னவள், "கத்தி பட்டுடுச்சு" என்றாள். அவள் கணவர் விரலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மருந்து வைத்துக் கட்டினார்.

"ஈரத்துணி போட்டுப் பிடிக்கணும். செவுள்கிட்ட முள்ளு இருக்கும்" என்றார்.

அவர் துணியின் முடிச்சையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "இரை யாரு பிடிச்சா?"

"அக்கா."

"அவங்க கை நல்ல கை." பிறகு கை கழுவப் போனார். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, "அவரு வந்தாரா?"

"இல்ல."

குழாயை மூடினார். அவ்வளவுதான்.

5

கூண்டுக்குப் பதில் நான் சொல்லவே இல்லை. மறுநாள் மூத்தவளே சொன்னாள்: "உன்கிட்டயே இருக்கட்டும். மக ஊர்ல கடல் இல்ல." அவளும் கணவரும் மகளோடு இருக்கப் போகிறார்கள். திங்கட்கிழமை லாரி.

"ஞாயித்துக்கிழமை கடைசியா ஒரு தடவை போவோம். நான் அவரைக் கூட்டிட்டு வர்றேன். நீ உன் ஆளைக் கூட்டிட்டு வா. ஒருத்தர் வர்றது ஒருத்தருக்குத் தெரிய வேணாம்."

ஞாயிறு வருவதற்குள் நான் முடிவுகளை எழுதிவிட்டேன். எழுதுகிறவளுக்குப் பொறுமை கிடையாது.

முடிவு அ: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (மூத்தவள்: "பொறந்ததுலேர்ந்து அவங்க கட்டிப்பிடிச்சதே இல்ல. முதுகுல தட்டினாலே பெரிசு.")

முடிவு ஆ: ஒருவர் வரவில்லை. ("வாயைக் கழுவுடி.")

முடிவு இ: இருவரும் வருகிறார்கள், பார்த்துக்கொள்கிறார்கள், உடனே ஒருவர் திரும்பி

இதை முடிக்கவில்லை. அன்று மாலை என் கணவர் பரணிலிருந்து தூண்டிலை இறக்கிப் பழைய நரம்பை உருவிவிட்டுப் புதிது சுற்றிக்கொண்டே கேட்டார்: "ஞாயித்துக்கிழமை தண்ணி எப்போ வத்துது?" ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.

6

இதை ஞாயிறு மதியம் எழுதுகிறேன். விரலிடுக்கில் இன்னும் மணல்.

இருவரும் வந்தார்கள். கரையின் ஒரு கோடியில் ஒருவர், மறு கோடியில் ஒருவர். தூண்டில் இருக்கிறது, முள்ளில் ஒன்றும் இல்லை. நாங்கள் மடவைக் குஞ்சுகளைப் பிடித்து, வாளியைத் தண்ணீர் ஓரமாக வைத்தோம். வழக்கமாக மூத்தவள்தான் தூக்கிப் போய்க் கொடுப்பாள். இன்று தூக்கவில்லை.

"வேணுங்கறவங்க வந்து எடுத்துக்கலாம்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

['ஆக, ஆண்களும் இரைக்கு வந்த மீன்களே' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதப்போகிறவர்களே, வேண்டாம். மூத்தவளிடம் சொல்லிப் பார்த்தேன். "சீ" என்றாள்.]

வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு மணலில் காலடி கேட்டது. இரண்டு பக்கமிருந்தும். நான் திரும்பப் போனேன். (பாருங்கள், 'நான்' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.) மூத்தவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"திரும்பாதேடி. நாம பாத்தா நிறுத்திடுவாங்க."

கடலைப் பார்த்தபடி நின்றோம். பின்னால் வாளியின் கைப்பிடி கிணுகிணுத்தது. ஒரு குரல் ஏதோ சொன்னது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல். போனில் நானே ஏமாந்திருக்கிறேன். காற்று வேறு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அந்தக் குரல், அல்லது மற்றவர் குரல். பிறகு ஒரு சத்தம். சிரிப்பாக இருக்கலாம், இருமலாகவும் இருக்கலாம். மூத்தவளின் பிடி மட்டும் தளரவில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டோம். சற்று முன் மூத்தவள் போன் செய்தாள்.

"ஏதாவது சொன்னாரா?"

"இல்லக்கா. உங்க வீட்ல?"

"குளிச்சாரு, சாப்பிட்டாரு. ரெண்டாந்தரம் சோறு கேட்டாரு."

"என்ன பேசினீங்கன்னு கேட்டுப் பாக்கலாமா?"

"வேணாம்டி" என்றாள்.

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. நாங்கள் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள். உங்கள் மணிக்கட்டை யாரும் பிடிக்கவில்லை; நீங்கள் திரும்பிப் பார்க்கலாம். பார்த்தது எதுவானாலும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்து அறையில் அவர் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார்.