லாரித் தடத்தில் ஊற்று

சசிரேகாவின் வீட்டில் எந்தத் தண்ணீரும் ஒரே வேலையோடு ஓய்ந்ததில்லை. அரிசி களைந்தது மாட்டுக்கு, பாத்திரம் கழுவியது வாழைக்கு, குளித்தது தென்னைக்கு. மகளிர் குழுவுக்குத் தலைவியான பிறகு தெருவையே அந்த ஒழுங்குக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஆளுக்கு ஒரு பக்கெட்டுதான் குளியல் என்று அவள் விதித்தபோது, "எங்க வூட்டுக்காருக்கு ஒரு பக்கெட்டு தொப்பையத் தாண்டாதேக்கா" என்று தேவகி சிரித்தாளே தவிர, மறுக்கவில்லை.

ஆனாலும் ஊருக்குக் குடிநீர் தரும் செய்யாற்றங்கரைக் கிணறு இறங்கிக்கொண்டே போனது. சுனாமி வந்த ஆண்டின் கோடை அது. யாரோ திருட்டுத்தனமாக அதிகம் இறைக்கிறார்கள் என்று ஐயுற்று, சசிரேகா வீடுவீடாகப் போய்ப் பிறர் வாளிகளை எட்டிப் பார்த்தாள். பலர் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தினார்கள்.

ஒருநாள் உத்திரமேரூர் பஸ்ஸுக்குத் தேவகியோடு காத்து நின்றபோது மணல் லாரி ஒன்று கடந்தது. ஆற்றில் அள்ளிய ஈரம் காயாத மணல். பின்கதவின் இடுக்கெல்லாம் தண்ணீர் ஒழுகிற்று. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் மற்றொன்று. ஆற்றிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தார்ச்சாலை நனைந்து கிடந்தது.

"யார் வூட்டு வாளியையோ எட்டிப் பாத்துக்கினு இருந்தேனே தேவகி," என்றாள் சசிரேகா. "கெணறு ரோட்டு மேல போய்க்கினு கீது." பஸ் வந்து நின்று, போயும் விட்டது. இருவரும் ஏறவில்லை.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. வரும் திங்கட்கிழமை பொக்லைன் இயந்திரம் கிணற்றுக்கு நேர் எதிரேயுள்ள மணல்திட்டுக்கு வருகிறது. அதையும் அள்ளிவிட்டால் கிணறு வெறும் குழி. தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சசிரேகா ஊரின் விளிம்பிலிருந்த இருளர் குடியிருப்புக்குப் போனாள். அங்கே அடிபம்பு வற்றிப்போய், முனியம்மாள் ஆற்று மணலில் ஊற்று தோண்டிக் கொட்டாங்குச்சியால் மொண்டுகொண்டிருந்தாள். ஆடு ஓட்டி வந்தவன், ஊற்றைக் கண்டதும் ஆடுகளை வளைத்து ஒதுக்கிக்கொண்டு போனான். குடிக்கிற ஊற்றை யாரும் மிதிப்பதில்லை. அந்தப் பக்கத்து வழக்கம் அது.

சசிரேகா அதையே பார்த்து நின்றாள்.

"இந்த ஊத்த லாரித் தடத்துல தோண்டுவியா முனியம்மா? நாங்களும் வரோம்."

முனியம்மாள் நிமிரவில்லை. "தோண்டறோம். உங்க கெணத்துல எங்க கொடம் எறங்குமா?"

தெருவின் வாளிகளையெல்லாம் அறிந்தவளுக்கு, அந்தக் கிணற்றடிக்கு யாருடைய குடங்கள் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எறங்கும்."

"நீ ஒருத்தி சொன்னா போதுமாம்மா?"

"போதாது. எல்லாரையும் சொல்ல வெக்கிறேன்."

அன்று மாலைக் குழுக் கூட்டத்தில் பாஞ்சாலி வெடித்தாள். "அவங்க கொடத்த உட்டா, கெணத்தக் கயுவணும்னு எங்க மாமியா குதிக்கும்."

"குதிக்கட்டும். கயுவறதுக்குத் தண்ணி கீதான்னு முதல்ல கேளு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஞ்சாலியும் உதட்டைக் கடித்தாள். சிலர் எழுந்து போனார்கள். மிச்சமிருந்தவர்கள் திங்கட்கிழமை விடியலில் குடங்களோடு ஆற்றுக்கு வந்தார்கள். குடியிருப்புப் பெண்கள் அதற்கு முன்பே வந்திருந்தார்கள். லாரிகளும் பொக்லைனும் ஆற்றில் இறங்கும் ஒரே சரிவின் அடியில், தடத்துக்குக் குறுக்கே ஊற்றுகள் வரிசையாகக் கண் திறந்தன.

முதல் லாரி வந்து நின்றது. மேற்பார்வையாளர் தமிழ்வாணன் குதித்து இறங்கினான். "இன்னாம்மா இது, மறியலா?"

"குடிக்கத் தண்ணி மொள்ளறோம் சார்," என்றாள் சசிரேகா. "தெளியட்டும், இருங்க."

"எப்பத் தெளியும்?"

"உன் மிஷினு தோண்டுன தோண்டுக்கு," என்றாள் முனியம்மாள், "தம்மாத்தூண்டாதான் ஊறும். ஒக்காரு."

தமிழ்வாணன் ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினான். "ஏத்துடா, சின்னப்பையா!"

பக்கத்துப் பெருநகர் கிராமத்துக்காரனான சின்னப்பையன் தலையை நீட்டி ஊற்றுகளைப் பார்த்தான். "குடிக்கிற ஊத்து மேலயா? நீயே ஏறி ஓட்டு சார்," என்று சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். பின்னால் வந்த லாரிகள் ஒவ்வொன்றாய் நின்று ஹாரன் அடித்தன. தமிழ்வாணன் செல்போனைக் காதில் வைத்தபடி கரையேறினான்.

வெயில் ஏறியபோது கரைமேல் போலீஸ் ஜீப்பின் புழுதி தெரிந்தது. பெண்களில் சிலர் குடத்தை இடுப்பில் எடுத்தார்கள்.

"போய்டலாமாக்கா?" தேவகியின் குரல் இறங்கியிருந்தது.

சசிரேகா தடத்தை ஒரு முறை அளந்து பார்த்தாள். தடத்தின் இடதுபுறம் ஜீப் நுழையுமளவு இடைவெளி ஒன்று இன்னும் தோண்டப்படாமல் கிடந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே போய்க் குந்தினாள். வெறுங்கையால் மணலைப் பறிக்கத் தொடங்கினாள். முனியம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்து, அவள் தள்ளிய மணலை வழித்து வெளியே எறிந்தாள். இடுப்புக் குடத்தை இறக்கிவிட்டுப் பாஞ்சாலி வந்தாள். முழங்கை முழுவதும் உள்ளே போனபோது மணல் ஈரமாயிற்று.

"இன்னும் தோண்டு," என்றாள் சசிரேகா.