வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்?

நகராட்சிக்குத் தானாக இந்த யோசனை தோன்றியிருக்காது. அரசாங்கம்தான் தீவிரவாதத்தைத் தடுக்கிறேன் என்று ஒரு தொலைபேசியையும், அதில் பேச ஆள் பழக்க ஓர் ஆலோசகரையும் அனுப்பிவைத்தது. வீட்டுப் பிள்ளை வெறுப்புக் கும்பலோடு திரிகிறானா? பயப்படாமல் சொல்லுங்கள், காப்பாற்றலாம் என்று பேச வேண்டும். அதற்கு நகராட்சி யாரைப் பிடித்துப் போட்டது? குடிநீர் வரிப் பிரிவில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் வசவையெல்லாம் பொறுமையாகக் கேட்டுப் பழகியவளை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது அவளுக்கென்றே சொன்னது. அவள் மகனே அந்தக் கும்பலில்தான் இருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுத் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அன்று மணி அடித்தபோது ஆலோசகர் எதிரே இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு பதிவாகிக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணனைப் பத்திச் சொல்லணும்" என்றது ஒரு பெண் குரல்.

பெற்றவளுக்கு மகள் குரல் தெரியாதா? காலையில்தான் தலை வாரிவிட்டு அனுப்பியிருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? "சொல்லுங்க" என்றாள்.

அம்மாவின் குரலைக் கேட்டும் மகள் பதறாமல் சொன்னாள். அண்ணன் பரணில் பெட்ரோல் பாட்டில்கள் வைத்திருக்கிறானாம். வெளியூரிலிருந்து வந்து பிழைக்கிறவர்களின் கடைகளை ஞாயிற்றுக்கிழமை கொளுத்தப்போகிறார்களாம். பாட்டில் விஷயம் தாய்க்கே புதிது.

அடுத்த கேள்வியைக் கேட்கச் சொல்லி ஆலோசகர் கை காட்டினார். போனை வைத்துவிட்டு ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது, வீட்டுக்கா?

"வீட்டுல வேற யாருக்காவது தெரியுமா?"

"அவன் அந்தக் கும்பலோட சுத்தறது அம்மாவுக்குத் தெரியும். நான் பேச்செடுத்தாலே வாயை மூடுன்னுடுவாங்க. இந்த போன்ல பேசினா குறுக்கே பேசாம கேப்பீங்கன்னுதான் இங்க பேசறேன்."

அம்மாவின் பெயரைக் கேட்கும்படி ஆலோசகர் சைகை செய்தார். அவளுக்கு மகனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"அழாதடி" என்றாள் அவள், பதிவில் ஏறும் என்று தெரிந்தே. "அம்மா கேட்டுட்டுதான் இருக்கேன்."

ஆலோசகர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.

"நைட்டெல்லாம் சுத்திட்டு இப்பத் தூங்கிட்டிருப்பான். போற போலீஸ்காரங்களை மெதுவா எழுப்பச் சொல்லுங்க."