முட்டை வரிசையில் ஒரு தள்ளு

ஏழாவது டேக்கும் பாழாய்ப் போனது. ஸ்மராண்டா கம்பளித் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாள்.

அவள் கேட்டது என்ன பெரிய வித்தையா? ருமேனியாவின் பிராயிலா நகரத்தில் ஒரு பழைய கடை. 1986, ஜனவரி மாதம். வீட்டுக்குப் பத்து முட்டை என்று கம்யூனிஸ்ட் ஆட்சி அளந்து கொடுத்த காலம். வரிசையில் நிற்கும் ஏழு வயதுச் சிறுமியை முன்பின் தெரியாத ஒருத்தி வெளியே தள்ளுகிறாள். படமே அந்த ஒரு தள்ளில்தான் நிற்கிறது.

அந்தச் சிறுமி ஸ்மராண்டாதான். ஆனால் அவளைத் தள்ளியது பெற்ற தாய். அதை இன்றுவரை யாரிடமும் அவள் சொன்னதில்லை. எழுபத்தெட்டு வயது அம்மா படத்தைப் பார்க்கத்தான் போகிறாள். இந்த வயதில் அவளை ஊர் முன்னால் நிறுத்துவானேன் என்று, தள்ளியவளை யாரோ ஒருத்தியாக மாற்றி எழுதிவிட்டாள்.

ஆள் பிடித்ததில்தான் வினை. அந்தக் காலத்தில் நிஜமாகவே வரிசையில் நின்றவர்கள் வந்தால் தத்ரூபமாக இருக்குமே என்று நாற்பது கிழடுகளைக் கூட்டி வந்திருந்தாள். சோகமாக நில்லுங்கள் என்றால் கதை பேசிச் சிரிக்கிறார்கள். இடம் மாற்றி நிறுத்தினால், "நான் அவளுக்கு முன்னாடி வந்தவ" என்று சண்டைக்கு வருகிறார்கள். டீ குடிக்கப் போகிறவர்கள் தங்கள் இடத்தில் பையை வைத்துவிட்டுப் போகிறார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடிகை சிறுமியைத் தள்ளியதும், பின்னால் நிற்பவர்கள் ஒவ்வொரு தடவையும் அவளைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுகிறார்கள்!

"ஐயா, ஏன் இழுக்கறீங்க? எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அங்கேல் கொஞ்சமும் அசரவில்லை. "பச்சைப் புள்ளைய எப்படிம்மா வெளிய விடறது? நாங்க என்ன காட்டுமிராண்டிங்களா?"

"கதையில அப்படித்தான் இருக்கு!"

"அப்ப கதை தப்பு. எழுதினவன் வரிசையில நின்னிருக்க மாட்டான்."

"எழுதினதும் நான்தான், நின்னதும் நான்தான்!"

"அப்படின்னா உனக்கு மறதி வந்திருச்சு, டைரக்டரம்மா." நாற்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். "வேத்தாள் எவளும் குழந்தையத் தள்ள மாட்டா. பெத்தவதான் தள்ளுவா, மாட்டிக்கக் கூடாதேன்னு."

ஸ்மராண்டாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ஆமாய்யா, எங்கம்மாதான் தள்ளினாங்க! போதுமா?"

சிரிப்பு நின்றுபோனது. சொல்லியாகிவிட்டது, இனி மறைத்து என்ன பயன்?

"ஒரு வீட்டுக்கு ஒரு பங்குதான். ரெண்டு பங்கு கிடைக்கட்டும்னு, என்னைத் தெரியாத மாதிரி பின்னால நிக்கச் சொன்னாங்க. குளிரு தாங்கல. 'அம்மா'ன்னு கூப்பிட்டுட்டேன். கடைக்காரி நிமிர்ந்து பார்த்தா. உடனே எங்கம்மா, 'யாரு வீட்டுப் புள்ள இது, போ அந்தாண்ட'ன்னு தள்ளிவிட்டாங்க. நாப்பது வருஷமாச்சு, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. இதைப் படத்துல போட்டு அவங்களச் சாகடிக்கச் சொல்றீங்களா?"

காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஆவுரிகா என்ற கிழவி, தன் பையை அங்கேலின் கையில் திணித்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நானும் தள்ளியிருக்கேன், என் மகளை. கோழி வரிசையில. அவளும் இன்னிக்கு வரைக்கும் கேக்கல. கேட்டுத் தொலைச்சாத் தேவலைன்னு இருக்கு. உங்கம்மாவுக்கு மட்டும் நிம்மதியா இருக்கும்னு நினைக்கிறியா?"

ஆவுரிகா நடிகையின் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்த நடிகைப் பொண்ணு கோவமா தள்ளுது. கோவத்துலயா தள்ளினோம்? நகரச் சொல்லு, நான் செய்யறேன்."

"உங்க வயசு..."

"மூஞ்சியைப் படம் எடுக்காதே. மேல்கோட்டையும் கையையும் மட்டும் எடு. குழந்தைக்கு அவ்வளவுதான் தெரியும்."

ஸ்மராண்டா தொப்பியை எடுத்துத் தட்டினாள். கேமராவைச் சிறுமியின் உயரத்துக்கு இறக்கச் சொன்னாள். சிறுமிக்குப் புது வசனத்தைச் சொல்லிக்கொடுத்தாள். ஆவுரிகாவின் கைக்குக் கம்பளி உறை மாட்டினார்கள். எட்டாவது டேக்.

"அம்மா..." என்றாள் சிறுமி இலிங்கா.

ஆவுரிகா திரும்பவில்லை. "யாரு வீட்டுப் புள்ள இது, போ அந்தாண்ட." கை மட்டும் பின்னால் வந்து தள்ளியது. இலிங்கா வெளியே போய் விழுந்தாள். இந்தத் தடவை யாரும் இழுக்கவில்லை.

"கட்! ஓகே!"

எல்லோரும் கலைந்தார்கள். ஆவுரிகா மட்டும் கடையைப் பார்த்தபடியே நின்றாள்.

"புள்ளைக்கு அடி பட்டுச்சா?"

"இல்ல பெரியம்மா. மெத்தை போட்டிருந்தோமே," என்றாள் ஸ்மராண்டா.

"நல்லாப் பார்த்துச் சொல்லு," என்றாள் அவள், திரும்பாமலேயே.