மாயாண்டி கழுத்தில் ஏறிய தாலி

மாயாண்டி கழுத்தில் தாலி ஏறியது 1981-ல், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில். சிரிக்காதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மலேசியாவில், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் பால் வெட்டும் வேலை போய்விட்டது. அவன் மனைவி மங்களம் ஈப்போவில் ரேடியோ சாமான் செய்யும் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இனிமேல் பொட்டுத் தூசி ஆகாத அறையில் வேலை. உள்ளே போகிறவள் உடம்பில் உலோகமும் கூடாது, மஞ்சள் தூளும் உதிரக் கூடாது. திங்கட்கிழமை கழுத்து காலியாக வந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள். மங்களம் கழுத்தில் கிடந்ததோ மஞ்சள் கயிறும் பொட்டுத் தாலியும். வேலையும் வேண்டும், தாலியும் வேண்டும். இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"கழட்டிச் சாமி படத்துல மாட்டிட்டுப் போயேன்," என்றான் மாயாண்டி. மணல் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு எல்லாமே சுலபம்.

"வாயக் கழுவுடா!" என்று பாய்ந்தாள் அவன் ஆத்தாள் இருளாயி. "தாலின்னா கழுத்துலதான் கெடக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "யார் கழுத்துலன்னு எவனும் சொல்லல. கட்டினவன் நீதானே? அவ போயிட்டு வர்ற வரைக்கும் நீ போட்டுக்க."

மங்களம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். மாயாண்டி குதித்தான். குதித்து என்ன செய்ய? இருளாயி சொன்னால் சொன்னதுதான். விடியற்காலை ஐந்து மணிக்குத் தாலி அவன் தலைவழியாக இறங்கியது.

பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு லாரி ஓட்டினான். வெயில் ஏற ஏற மஞ்சள் வேர்வையில் கரைந்து காலரெல்லாம் இறங்கியது. பத்து மணிக்கு முகம்மது கௌஸ் கடையில் தே தாரிக் டீ குடிக்க உட்கார்ந்தபோது கூட்டாளி சன்னாசி பார்த்துவிட்டான்.

"என்னா மச்சான் கழுத்துல?" என்று விரலை விட்டு இழுத்தான். தாலி வெளியே வந்து தொங்கியது.

"அடப்பாவி! மாப்பிள்ள யாருலா? ஒரு வார்த்த சொல்லலையே!"

கௌஸ் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "முழுகாம இருந்தா வெக்கப்படாம சொல்லு தம்பி, மாங்கா அறுத்துத் தாரேன்."

அவ்வளவுதான். லாரி வீட்டைப் பார்த்துப் பறந்தது. "அவ வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! மானம் போச்சு!" என்று கத்திக்கொண்டே கயிற்றைப் பிடித்துத் தூக்கினான். காதுவரை வந்துவிட்டது.

வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த இருளாயி நிமிரவே இல்லை. "எடு, எடு. ஆனா ஒண்ணு. பொம்பள கழுத்துல கெடந்தா அது புருசன் உசுருக்குக் காவல். இப்ப ஒன் கழுத்துல கெடக்கு. அங்க அவ மிஷினு முன்னால ஒக்காந்திருக்கா. யோசிச்சு எடு."

மாயாண்டியின் கை அப்படியே நின்றது. சாமியாவது பூதமாவது என்று பேசுகிறவன்தான். கயிற்றை மெல்லக் கீழே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான். போனவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் மாட்டியிருக்குமோ, கரண்டு அடித்திருக்குமோ, பஸ் கவிழ்ந்திருக்குமோ என்று அரைமணிக்கொரு தடவை தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

நாலு மணிக்குக் கம்பெனி பஸ் வந்தபோது ரோட்டோரத்தில் நின்றிருந்தான். இறங்கிய பெண்களெல்லாம் அவன் காலரைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். அவனா கவனித்தான்? மங்களத்தின் கையைப் பிடித்துப் பத்து விரலும் இருக்கிறதா என்று பார்த்தான்.

"வேலை நிரந்தரமாயிருச்சுங்க!"

"அது கெடக்கட்டும் புள்ள. இன்னிக்குப் பூரா எனக்கு உசுரே இல்ல. நீ நல்லபடியா வந்து சேரணுமேன்னு தாலியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

மங்களம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்க லாரிய எடுத்துட்டுப் போற ஒவ்வொரு நாளும் எனக்கு அப்படித்தாங்க இருக்கு. ஆறு வருசமா."

மாயாண்டி பிடித்த கையை விடவில்லை. வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.

மறுநாள் விடியுமுன்னே, யாரும் கூப்பிடாமல், அவள் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றான்.

"போட்டு விடு புள்ள. பாத்துப் போயிட்டு வா."