சப்பான் பிளேட்டுக்கு ஆடிய கால்கள்

1982ஆம் வருடம் காணும் பொங்கலன்று பகல் பதினொன்றரை மணிக்கு, நான்கு வருடமாக அசையாதிருந்த ஏகாம்பரத்தின் கால்கள் கட்டிலில் கிடந்தபடியே ஆடின. ஏகாம்பரம் ஆடவில்லை. இடுப்புக்கு மேலே அவர் தலையணையில் சாய்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் போர்வையை உதறித் தள்ளிவிட்டு, ஒன்றையொன்று தாண்டி, குதிகாலால் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. திருப்புலிவனத்தில் அன்று வெயில் சுமார்தான்; வடக்கிலிருந்து காற்று. அவர் மனைவி தாயாரம்மாள் மாட்டுக்குக் கலந்த தவிட்டுத் தண்ணீரோடு வாசற்படியில் நின்று இதைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. இந்த ஆள் நான்கு வருடமாக நம்மை ஏமாற்றியிருக்கிறான் என்பதுதான் முதலில் வந்தது. வாளியைக் கீழே வைக்காமலே பாட்டு முடியும்வரை பார்த்தாள். பாட்டு முடிந்ததும் கால்கள் இரண்டும் வெட்டிப் போட்ட வாழைத்தண்டு மாதிரி விழுந்தன. ஏகாம்பரம் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு, "இன்னாடி இது?" என்று கேட்டார். கேட்ட விதம் அவளுக்கு அவ்வளவு உண்மையாகப் படவில்லை.

பாட்டு வந்தது ஊர்த் தண்ணீர்த் தொட்டிமேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து. பண்டிகைக்கு மைக் செட் போட்டிருந்தவன் சின்னராசு, தாயாரம்மாளின் அண்ணன் மகன். முந்தின வருடம் உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்க ஒரு ஜப்பான்காரர் வந்து மூன்று மாதம் தங்கினார். அவருடைய டேப் ரெக்கார்டர் கெட்டுப்போனபோது சின்னராசுதான் சரிசெய்து கொடுத்தான். அதற்காக அவர் ஊருக்குப் போகும்போது ஒரு கிராமபோன் பாட்டு பிளேட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்ட, கிராப் வெட்டிய ஒரு பெண் சிரிக்காமல் நின்றாள். அவள் பெயரை ஜப்பான்காரர் இரண்டு தடவை சொன்னார். சின்னராசு இரண்டு தடவையும் மறந்துவிட்டான். மற்றதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருந்தது. "மொத பிளேட்டு பூரா அயுவுற பாட்டாம், அத்தே. யாரும் வாங்கல. அப்பால டான்ஸ் கத்துக்கினு வந்து இத்த போட்டாளாம். ரெண்டாவது பிளேட்டு இது. எட்டுப் பாட்டு கீது, ஏழு ஆட்றதுக்கு" என்றான். தாயாரம்மாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் வேலிமுள் மாதிரி இருந்தது. எதையோ மறைப்பதற்காகவே அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

ஏகாம்பரம் விழுந்த கதை ஊருக்கே தெரியும். 1978இல், பெரிய வெள்ளிக்கு மறுநாள் காலை, பம்புசெட்டுக் கிணற்றுக்குள் இறங்கும் கல்படியில் அவர் விழுந்தார். நான்காம் படியில் குந்தி குழாயின் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்த பண்ணையாள் ஞானதாஸ்தான் அவரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தவன். இரண்டு நாள் கழித்துப் பேச்சு திரும்பியதும் ஏகாம்பரம், ஞானதாஸ் தன்னைத் தள்ளிவிட்டான் என்றார். முந்தின நாள் கோயிலுக்குப் போய் வேலைக்கு வராததைக் கேட்டதற்காகத் தள்ளினானாம். ஞானதாஸ் தொடவே இல்லை என்றான். பார்த்தவர் யாரும் இல்லை. ஒன்பது மாதம் அவன் ஜெயிலுக்குள்ளே இருந்தான். களத்து மேட்டோரம் இருந்த அவன் குடிசையைப் பிரித்துப்போட்டு அந்த இடத்தில் வைக்கோல் போர் போட்டார்கள். அவன் மனைவி பாக்கியமேரி இரண்டு பெண்பிள்ளைகளோடு ராஜகுளத்துப் பக்கம் நாற்று நடப் போனாள். அவனும் வெளியே வந்து அங்கேயே சேர்ந்துகொண்டான். இங்கே தாயாரம்மாள் நான்கு வருடமாகப் புருஷனைப் புரட்டிப் படுக்கவைத்தாள், குளிப்பாட்டினாள், படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டாள், ஆறு ஏக்கர் நிலத்தையும் தனியாகப் பயிரிட்டாள். ஞானதாஸ் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றியவளும் அவள்தான்.

ஆகையால் அவள் சந்தேகம் சின்னச் சந்தேகம் இல்லை. மறுநாளே சோதிக்க ஆரம்பித்தாள். கழனிக்குப் போகுமுன் கட்டிலைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டுப் போனாள்; திரும்பி வந்தபோது கோழி நடந்த தடம் மட்டும் இருந்தது. கோணி தைக்கும் ஊசியால் அவர் உள்ளங்காலில் குத்தினாள். ரத்தம் வந்தது, அவர் பேப்பர் படிப்பதை நிறுத்தவில்லை. பிறகு சின்னராசுவைக் கூப்பிட்டு மைக் செட்டை வீட்டுக்குள்ளேயே வைக்கச் சொன்னாள். தமிழ்ப் பாட்டு போட்டான், கால் அசையவில்லை. இந்திப் பாட்டு, நாதஸ்வரம், கட்சிக்காரர் பேச்சு, எதற்கும் அசையவில்லை. சப்பான் பிளேட்டில் ஊசியை வைத்ததும் இரண்டும் எழுந்துகொண்டன. அவள் மாட்டுக் கயிறு கொண்டுவந்து கணுக்கால்களைச் சேர்த்துக் கட்டிலோடு கட்டினாள். மூன்றாவது பாட்டில் கட்டில் நகர்ந்தது. ஐந்தாவது பாட்டில் நிலைப்படியைத் தாண்டி, ஏகாம்பரத்தையும் அவர் தலையணையையும் தெருவுக்குக் கொண்டுபோய் விட்டது. எதிர்வீட்டு சிட்டம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"நானு ஒண்ணும் பண்ணல" என்றார் ஏகாம்பரம் தெருவிலிருந்து. "அது எங்காலே இல்ல. எவனோட காலோ."

அதன் பிறகு ஊரில் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். மின்சாரத்தில் ஏதோ கோளாறு என்று சின்னராசு சந்தேகப்பட்டான். சின்னராசு அத்தையின் நிலத்துக்கு ஆசைப்பட்டு ஏதோ செய்கிறான் என்று சிட்டம்மாள் சந்தேகப்பட்டாள். தவிட்டில் கலக்கும் எதையோ தாயாரம்மாள் தன் கஞ்சியில் கலக்கிறாள் என்று ஏகாம்பரம் சந்தேகப்பட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். டவுனிலிருந்து வந்த டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், பாட்டைப் போட்டுப் பார்த்தார், இந்தக் கால்களில் உயிர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவை ஆடிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸுக்குப் போய்விட்டார். மாசி மாதத்துக்குள் ஊர் பழகிக்கொண்டது. தாயாரம்மாள் பழகிக்கொள்ளவில்லை. அவள் தினமும் மத்தியானம் வேலையை விட்டுவிட்டு வந்து, பாட்டைப் போடச் சொல்லி, சுவரோரம் உட்கார்ந்து கால்களையே பார்த்தாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள்தான் அவளுக்குப் பிடிபட்டது. ஏழு பாட்டும் வேறு வேறாக இருந்தாலும், அந்தப் பெண் குரலை உயர்த்திப் பல்லவிக்குத் திரும்பும்போதெல்லாம் கால்கள் ஒரே காரியத்தைச் செய்தன. இடதும் வலதுமாக மூன்று அடி கீழே இறங்குவது போல வைத்தன. நின்றன. பிறகு வலது கால் மடங்கிப் பின்னுக்குப் போய், பாதத்தின் வெளிவிளிம்பு முன்னால் வர, விசையோடு நீண்டது. அதே நொடியில் இடது கால் சறுக்கியது. கட்டில் சட்டத்தில் குதிகால் மோதி ஒரு சத்தம். அதன்பிறகு மறுபடி ஆட்டம். மூன்று அடி என்பது கிணற்றின் முதல் மூன்று படி என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த வலது கால் எழுந்த விதத்தையும் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அவள் இடுப்பெலும்புக்கு அது தெரியும். பாதத்தின் வெளிவிளிம்பால்தான் அவர் எப்போதும் உதைப்பார்.

அவள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார் என்று தெரியும். கால்கள் சொல்வதைக் கேட்டால் போதும் என்று நினைத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் ராஜகுளம் போனாள். நடவு நடந்துகொண்டிருந்த ஒரு கழனி வரப்பில் நின்று, சேற்றில் குனிந்திருந்த பெண்களுக்குள் பாக்கியமேரியை அடையாளம் கண்டு கூப்பிட்டாள். பாக்கியமேரி நிமிர்ந்து பார்த்தாளே தவிர, வரப்புக்கு வரவில்லை.

"இன்னா, புது கேசா?" என்று கேட்டாள்.

"கேசு இல்ல மேரி. உம்புருசன கூட்டிக்கினு வா. ஒண்ணு காட்டணும்."

"எங்க வூட்ட பிரிச்சப்ப நீ வைக்கோல் சொமந்துக்கினு இருந்தியேம்மா. நானு பாத்தேன்."

தாயாரம்மாள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "சொமந்தேன். அதுக்குத்தான் கூப்பிட்றேன்" என்றாள். வெயில் ஏறும்வரை வரப்பிலேயே நின்றாள். நடவு முடிந்து கரையேறிய பாக்கியமேரி, அவள் இன்னும் நிற்பதைப் பார்த்துவிட்டு, கை கால் கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானம் இரண்டு மணிக்கு இருவரும் வந்தார்கள். ஞானதாஸ் வாசலிலேயே நின்றான். உள்ளே வந்தால் திருட்டுப் பட்டம் கட்டுவார்களோ என்று கைகளை மார்பில் கட்டிக்கொண்டிருந்தான். அவன் தலை நரைத்திருந்தது. தாயாரம்மாள் கட்டிலைத் தானே தெருவுக்கு இழுத்து வந்தாள். ஏகாம்பரம் அவனைப் பார்த்ததும், "இவன எதுக்கு கூப்ட்ட? இன்னாடி கூட்டு உங்களுக்குள்ள?" என்று சத்தம் போட்டார். அவள் ஞானதாஸிடம் திரும்பினாள்.

"அன்னிக்கு எப்டி குந்திக்கினு இருந்தியோ அப்டி குந்து. கால்மாட்டுல."

"வேணாம்மா."

"குந்துய்யா" என்றாள் பாக்கியமேரி. "அதான் பாத்துருவோம்."

அவன் கட்டிலின் கால்மாட்டில் முதுகைக் காட்டிக் குந்தினான். நான்கு வருடத்துக்கு முன்பு பாசி சுரண்டியது போல அவன் கைகள் தரையைத் தேடின. சின்னராசு ஊசியை வைத்தான். அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். கால்கள் ஆட ஆரம்பித்தன. பல்லவி திரும்பியது. மூன்று அடி இறங்கின, நின்றன, வலது கால் மடங்கிப் பின்னுக்குப் போய் நேராக ஞானதாஸின் முதுகெலும்பைப் பார்த்து நீண்டு, ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. இடது கால் சறுக்கியது. குதிகால் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. ஞானதாஸ் திரும்பவில்லை. காற்று பட்டதில் அவன் முதுகுச் சட்டை மட்டும் ஒருமுறை ஒட்டிப் பிரிந்தது.

சிட்டம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடப்பாவி, அது ஒதையில்ல?"

ஏகாம்பரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கால்கள் அவர் பேச்சைக் கேட்காமல் அடுத்த பல்லவிக்கு மறுபடியும் அதையே செய்தன, அதற்கடுத்த பல்லவிக்கும் செய்தன. மூன்றாவது தடவை முடிந்ததும் அவர், "அவன் என்ன தொடல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "ஒதைக்கப் போனேன். வழுக்கிச்சி."

"அப்போ ஏன் அவன் தள்ளுனான்னு சொன்ன?" என்று கேட்டாள் தாயாரம்மாள்.

"வேலக்காரன ஒதைக்கப் போயி வுயுந்தேன்னு எப்டி சொல்லுவேன்?"

சின்னராசு ஊசியைத் தூக்கப் போனான். பாக்கியமேரி அவன் கையைத் தடுத்தாள். "இரு. எங்க தெரு ஆளுங்க பாக்கணும். மொதல்லேர்ந்து போடு" என்றாள். அவள் சேரிக்குப் போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். அந்தத் தெருவில் செருப்போடு நடக்காதவர்கள் அன்று செருப்போடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வந்தவர்கள் பார்த்து முடிக்க ஐந்து தடவை பிளேட் ஓடியது. யாரும் கை தட்டவில்லை, யாரும் திட்டவும் இல்லை. ஆறாவது தடவை போடட்டுமா என்று சின்னராசு கேட்டபோது ஞானதாஸ் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "போதும் தம்பி" என்றான். பிறகு பாக்கியமேரி தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுதாள்.

அந்த வாரமே ஏகாம்பரம் சொன்னதை எழுதி, அவர் கையெழுத்து வாங்கி, கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பதில் வரவில்லை. தாயாரம்மாள் வைக்கோல் போரைத் தன் கையாலேயே பிரித்து, அந்த இடத்தைப் பாக்கியமேரி பெயருக்கு எழுதிக் கொடுத்தாள். அவர்கள் அதில் ஓடு போட்ட வீடாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் ஞானதாஸ் ஏகாம்பரத்தின் கழனியில் மறுபடி கால் வைக்கவில்லை. திருப்புலிவனத்திலேயே வேறு ஆளிடம் நிலம் குத்தகைக்கு எடுத்தான். வழியில் தாயாரம்மாளைப் பார்த்தால் நின்று பேசுவான். பாக்கியமேரி பேசமாட்டாள்.

கால்கள் அதற்குப்பின் அந்த உதையை ஆடவில்லை. பல்லவிக்குப் பல்லவி புதுப்புது ஆட்டமாக ஆடின. சித்திரை பிறந்ததும் கட்டிலிலிருந்து இறங்கி நின்றன. ஆனிக்குள் ஏகாம்பரத்தைச் சுமந்துகொண்டு தெருமுனை வரை போயின. பாட்டு இருக்கும்வரைதான் நடை. எட்டில் ஒன்று மெதுவான பாட்டு. அது வரும்போது யாராவது நாற்காலி போடவேண்டும். சின்னராசு பிளேட்டைக் கேசட்டில் பதிந்து கொடுத்தான். டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு தாயாரம்மாள் அவரைக் கழனிக்கும், கடைக்கும், கல்யாணங்களுக்கும் கூட்டிப்போனாள். உதைத்துக் காரியம் வாங்கிப் பழகியவர் எதையும் பணிவாகக் கேட்கக் கற்றுக்கொண்டார், பேட்டரி தீரப்போகிறதா என்பது உட்பட. 1984 டிசம்பர் தேர்தலில் அவர் ஓட்டுப்போட ஆடிக்கொண்டே வந்தார். சாவடிக்கு அருகில் பாட்டு போடக்கூடாது என்று அதிகாரி சொன்னதால் அங்கே நிறுத்தினார்கள். இரண்டு பேர் அவரை நாற்காலியோடு உள்ளே தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதிகாரி விரல் மையைச் சரிபார்த்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே தாயாரம்மாள் பொத்தானை அழுத்தினாள். ஏகாம்பரம் எழுந்து, இரண்டு எட்டு முன்னும் ஒரு எட்டு பக்கவாட்டிலுமாக, வரப்போரம் வீட்டுக்குக் கிளம்பினார். அவள் அவருக்கு இடப்பக்கமாக, கைக்கு எட்டும் தூரத்தில் நடந்தாள். வலப்பக்கம் அவள் ஒருநாளும் நடந்ததில்லை.