தண்ணீர் குடித்த முகம்

2013ஆம் ஆண்டு மே மாதம் பதினொன்றாம் தேதி, காலை பத்தரை மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில், நெய்வேலி பதினெட்டாவது பிளாக்கில் வளர்மதியின் முகம் வீட்டிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டது. சமையலறையில் இரண்டு குடம், குளியலறையில் ஒரு டிரம், ஃபிரிட்ஜில் நான்கு பாட்டில், சாமி படத்துக்கு முன்னால் ஒரு செம்பு. தண்ணீர் எங்கும் சிந்தவில்லை. இளநீரை உறிஞ்சும்போது இறங்குவதைப் போல ஒவ்வொரு பாத்திரத்திலும் மட்டம் இறங்கியது. மறுநாளைக்கு ஆட்டி வைத்திருந்த இட்லி மாவு ரவையாக உதிர்ந்தது. வளர்மதி அப்போது கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள், வாயைக்கூடத் திறக்கவில்லை. காபிப் பொடி கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டுப் பிரபாவதி இதை நேரில் பார்த்தாள். அவள் கையிலிருந்த டம்ளர் ஈரமாக இருந்தது, அதுவும் காய்ந்தது.

"அக்கா, மூஞ்சி பளபளன்னு கீதுங்க. இன்னா போட்டுகினு இருக்கீங்க?" என்றாள் பிரபாவதி. குடங்களைப் பற்றி அவள் கேட்டது அதற்குப் பிறகுதான்.

வளர்மதி போட்டிருந்தது சீரம். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் சுப்புலட்சுமி கூரியரில் அனுப்பியது. கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, மூடியோடு சேர்ந்த ரப்பர் சொட்டுக்குழாய், உள்ளே நிறமில்லாத வழவழப்பான திரவம். அதில் ஹயலூரானிக் அமிலம் இருக்கிறது, அது தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தோலுக்கு நல்லது என்று மகள் போனில் சொன்னாள். தண்ணீரை எங்கிருந்து பிடிக்கும் என்று மகள் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

வளர்மதிக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. தோலுக்கு வயதாவது வேறு, தோல் வறள்வது வேறு. அவளுக்கு இரண்டும் சேர்ந்து வந்தன. 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற வேம்பும் கொல்லையில் நின்ற பலாவும் விழுந்தன. இருபது வருடத்துக்கு மேலாக நிழலிலேயே சமைத்தவளின் முகத்தில் அடுப்படி ஜன்னல் வழியாக நேராக வெயில் விழ ஆரம்பித்தது. ஒன்றரை வருடத்தில் நெற்றியில் மூன்று கோடு, கண்ணோரம் விசிறி மடிப்பு, கன்னத்தில் வெள்ளையாகச் செதில். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாள். எண்ணெய் மேலே மினுங்கியது. அடியில் தோல் அப்பளம் மாதிரியே இழுத்தது.

அப்படியும் சீரம் வரை போயிருக்க மாட்டாள். அந்த வருடம் பிப்ரவரியில் அருப்புக்கோட்டையில் கொழுந்தனார் அய்யாசாமி புதுமனை புகுந்தார். ஏப்ரலில் ஆல்பம் வந்தது. வளர்மதியின் கணவர் வெள்ளைச்சாமி, சுரங்கத்தில் பம்பு செக்‌ஷன் ஃபோர்மேன், நைட் ஷிப்ட் முடித்து வந்து டீ குடித்துக்கொண்டே ஆல்பத்தைப் புரட்டினார். ஒரு படத்தில் விரலை வைத்து, "இது யாரு? ஒங்க அம்மாவா? அவங்க எப்ப விசேசத்துக்கு வந்தாங்க?" என்று கேட்டார். வளர்மதியின் அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. படத்தில் இருந்தது வளர்மதி. அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தான் என்ன கேட்டோம் என்பது வெள்ளைச்சாமிக்குத் தெரியாது. அவர் தூங்கப் போய்விட்டார். அன்று மாலைதான் அவள் மகளுக்குப் போன் செய்தாள்.

சீரம் போடுவதில் வளர்மதி ஒரு தவறு செய்தாள். பவுடர் போட்டுப் பழகிய வீட்டில் வளர்ந்த எல்லாப் பெண்களும் செய்யக்கூடிய தவறுதான். முகத்தில் ஈரம் இருந்தால் பவுடர் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் முகம் கழுவியதும் துண்டால் அழுத்தித் துடைத்து, ஃபேனுக்குக் கீழே நின்று, பொட்டு ஈரம் இல்லாமல் காய வைத்துவிட்டுத்தான் எதையும் தடவ வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். சீரத்தையும் அப்படியே தடவினாள். மேலே ஒன்றும் பூசவில்லை. காய்ந்த தோலில் காய்ந்த காற்றில் உட்கார்ந்த சீரம் தண்ணீரைத் தேடியது. பக்கத்தில் எங்கே கிடைத்ததோ அங்கே எடுத்தது.

முதல் வாரம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளர்மதி கூடுதலாக நாலு குடம் பிடித்து வைத்தாள். பிரபாவதி மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டு எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தாள். மூன்று நாள் வெயிலில் காய வேண்டியது முக்கால் மணி நேரத்தில் காய்ந்தது. "ஒரு அஞ்சு நிமிசம் எங்க வூட்ல வந்து குந்திகினு இருங்கக்கா, மொட்டை மாடி ஒழுவுது," என்று மூன்றாம் தெருவிலிருந்துகூட வந்து கூப்பிட்டார்கள். முகம் நாளுக்கு நாள் நிறைந்து வந்தது. செதில் மறைந்தது, கண்ணோர மடிப்பு பாதியானது.

ஆனால் வீட்டில் வெள்ளைச்சாமியும் இருந்தார். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பது பள்ளிக்கூடப் பாடம். பகலில் குடங்கள் அவரைக் காப்பாற்றின. தூங்கும்போது கட்டிலில் வளர்மதிக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் அவர் மட்டும்தான். விடியும்போது உதடு வெடித்திருக்கும், நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கும். முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தார், அடுத்த வாரம் மூன்று. ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். சுவர் அந்த முகத்துக்குத் தடையாக இல்லை. மே முப்பதாம் தேதி ஷிப்டில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்று மணி நேரம் இறங்க வேண்டிய பாட்டில், வளர்மதி வந்து ஸ்டூலில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் காலியானது. அதில் ஒரு சொட்டும் அவர் கைக்குள் போகவில்லை. நர்ஸ் காலி பாட்டிலையும் வளர்மதியின் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா," என்றாள். வளர்மதி ஆஸ்பத்திரிக்கு வெளியே, ரோட்டைத் தாண்டிப் போய் நின்றுகொண்டாள். அதன்பிறகு பாட்டில் ஒழுங்காக இறங்கியது.

அன்றே சீரத்தை நிறுத்தினாள். முகம் நிறுத்தவில்லை. மூன்று வாரம் குடித்துப் பழகியிருந்தது. முகத்தை எவ்வளவு கழுவித் துடைத்தாலும், துடைக்கத் துடைக்க அதற்குத் தாகம்தான் கூடியது. வெள்ளைச்சாமி வீடு திரும்பும் அன்று அவள் தெளிவான ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவர் பிழைக்க வேண்டுமென்றால் தான் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. பெங்களூருவுக்குப் போய், மகள் வீட்டுக்குக்கூடப் போகாமல், எங்காவது ஏரிக்கரை ஓரமாக ஓர் அறை எடுத்துத் தங்கிவிடலாம் என்பது திட்டம். சாதம் வடித்து மூடி வைத்தாள், ரசம் காய்ந்துவிடாமல் இருக்கப் பிரபாவதி வீட்டில் கொடுத்து வைத்தாள், காலை எட்டே காலுக்கு விழுப்புரம் பஸ் ஏறினாள். இருபத்தாறு வருடம் வாழ்ந்த வீட்டிலிருந்து அவள் எடுத்துப் போனது ஒரு பை.

வெள்ளைச்சாமி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தார். கையில் சுற்றியிருந்த கட்டு அவிழ்ந்து தொங்கியது, ஊக்கு தேடினார். வளர்மதி ஊக்குகளைச் சீரம் வந்த அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். பெட்டியின் அடியில் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. கடுகு அளவு எழுத்து, முழுக்க ஆங்கிலம். அந்த மாதிரித் தாளை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. ஆனால் வெள்ளைச்சாமி முப்பது வருடமாக வெளிநாட்டுப் பம்புகளோடு வரும் கையேடுகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, அதன்படி ஓட்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஈரமான தோலில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் இட வேண்டும். தேய்க்காமல் உள்ளங்கையால் ஒற்ற வேண்டும். உடனே மேலே கிரீம் பூசி ஈரத்தை உள்ளே மூட வேண்டும். வெள்ளைச்சாமி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவருக்கு இது புதிய விஷயமே இல்லை. காய்ந்த பம்பை ஓட்டக் கூடாது. முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும், அதற்குப் பெயர் ப்ரைமிங். ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் இருக்க ஃபுட் வால்வ் வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஓட்டினால் எந்த பம்பும் நாசம்தான் செய்யும்.

குப்பியையும் ஒரு கோல்டு கிரீம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, பிரபாவதியிடம் விவரம் கேட்டுக்கொண்டு, மொபெட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். மணி ஒன்பதே முக்கால். எட்டே கால் பஸ் இன்னும் கிளம்பவில்லை. டிரைவர் ரேடியேட்டரில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்ற ஊற்றக் காணாமல் போனது. பயணிகளின் பாட்டில்களும் காலியாகியிருந்தன. மூன்றாவது சீட்டில் வளர்மதி ஜன்னலோரம், மினுமினுக்கும் முகத்தோடு, அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்துக்கு வருவதற்குள் உள்ளே போய்விட்டது.

"எறங்கு, வளரு."

"பக்கத்துல வராதீங்க. இப்பதான ட்ரிப்ஸ் ஏத்திட்டு வந்திருக்கீங்க."

"ப்ரைமிங் பண்ணாம ஓட்டியிருக்க. வேற ஒண்ணுமில்ல."

"நான் என்ன பம்பா?"

கண்டக்டர் சிங்காரவேல் படியில் தொங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "பெரியவரே, பம்பு செட்டு பஞ்சாயத்தெல்லாம் வூட்ல வெச்சிக்கங்க. ஒண்ணு அந்தம்மாவ எறக்குங்க, இல்ல நீங்களும் டிக்கெட்டு எடுங்க."

வளர்மதி இறங்கினாள். பஸ் ஸ்டாண்டின் வடக்கு மூலையில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. வெள்ளைச்சாமி அதைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்தி அவள் முகத்தில் ஊற்றினார். முதல் கை போன இடம் தெரியவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். முந்நூறு பேர் நிற்கிற இடத்தில் அவர் மனைவியின் முகத்தைத் தொட்டது அதுவே முதல் தடவை. வீட்டிலும் பகல் வெளிச்சத்தில் தொட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நாற்பதாவது கையை ஊற்றும்போது அவர் உதடு மறுபடி வெடித்தது. வளர்மதி விலகப் பார்த்தாள். அவர் தாடையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்தபோதுதான், விரல் நுனி தூரத்தில், அந்த முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கி ஆல்பத்துல..." என்று ஆரம்பித்தார். அது என்ன படம் என்று அவருக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. "நான் கண்ணாடி போடல."

"கண்ணாடி போட்டுட்டுத்தான் இருந்தீங்க."

அவர் இன்னும் இரண்டு கை தண்ணீர் ஊற்றினார். "நைட்டு ஷிப்ட், டே ஷிப்ட்டுன்னு ஒன்னய நேராப் பாத்தே ரொம்ப நாளாச்சு வளரு. பழைய மொகத்தையே நெனப்புல வச்சிருந்தேன். அதான் அடையாளம் தெரியல."

எழுபதாவது கையோ எழுபத்தோராவதோ, தண்ணீர் உள்ளே போகாமல் அவள் தாடையில் வழிந்து சொட்டியது. வெள்ளைச்சாமி துடைக்கவில்லை. ஈரத்தின் மேல் மூன்று சொட்டு சீரம் விட்டு உள்ளங்கையால் ஒற்றினார், மேலே கிரீம் பூசி மூடினார். பின்னால் பஸ் ரேடியேட்டரில் தண்ணீர் நின்றது. சிங்காரவேல் விசில் கொடுத்தார். விழுப்புரம் பஸ் இரண்டு மணி நேரம் தாமதமாக, வளர்மதி இல்லாமல் கிளம்பிப் போனது. டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஷிப்ட் எதுவானாலும், வேலைக்குப் போகும் முன்போ வந்த பின்போ, வெள்ளைச்சாமி அவள் முகத்தை நனைத்து மூன்று சொட்டு ஒற்றிக் கிரீம் பூசிவிட்டார். குடங்களில் மட்டம் இறங்கவில்லை. ஒரு மாதத்தில் அவர் ஐந்து கிலோவையும் திரும்பப் பெற்றார். வளர்மதியின் சுருக்கங்கள் போய்விட்டன என்று பதினெட்டாவது பிளாக்கில் சிலர் சொல்வது சரியல்ல. நெற்றியின் மூன்று கோடும் இருந்தன. ஆழம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். வயது போகவில்லை, வறட்சி போனது. எவ்வளவு வெயிலிலும் கன்னத்தில் பனித்துளி மாதிரி ஓர் ஈரம் நிற்கும். கடிதம் அனுப்பும் அக்கம்பக்கத்தார் அதில் ஸ்டாம்பைத் தொட்டு ஒட்டிக்கொண்டார்கள்.

2015 மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பிரபாவதி தலைமையில் ஆறு பெண்கள் வந்து கேட்டுக்கொண்டதால், வளர்மதி அன்று ஒருநாள் மட்டும் முகத்தைத் துடைத்துக் காய வைத்துச் சீரம் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைச்சாமியை மட்டும் நாலு தெரு தள்ளி அனுப்பி வைத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் தெரு தெரிந்தது. இரண்டு நாள் அவள் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது, பிறகு வடிந்தது.

2018 ஜூனில் வெள்ளைச்சாமி ஓய்வு பெற்றார். பிரிவு விழாப் படத்தில் நூற்றுக்கு மேல் ஆள். பிரதி வீட்டுக்கு வந்ததும் அவர் கண்ணாடி இல்லாமலே கடைசி வரிசையில் விரலை வைத்து, "இந்தா நீ," என்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குறிஞ்சிப்பாடி ரோட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். குடி போன முதல் வாரம், முகம் நனைத்து முடித்த கையோடு வளர்மதி அவரை உற்றுப் பார்த்தாள். "ஒங்க நெத்தியப் பாருங்க, முந்திரிக் கொட்டை தோல் மாதிரி இருக்கு," என்று சொல்லி மிச்சம் இருந்த இரண்டு சொட்டை அவருக்கு வைத்தாள். பேச்சு சுவாரசியத்தில் அவர் முகத்தை நனைக்க மறந்துவிட்டாள். மறுநாள் காலையில் மாடித் தொட்டியில் தண்ணீர் முக்கால் அடி இறங்கியிருந்தது. மோட்டார் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.