ஓடைக்கும் ரோட்டுக்கும் நடுவில்

எரிந்துபோன வீட்டை அதே இடத்தில் திரும்பக் கட்ட வேண்டுமென்றால், கவுண்டியை, அதாவது அந்த மாவட்டத்தை, நிர்வகிக்கும் மூன்று கமிஷனர்களில் இரண்டு பேர் வெண்டலுக்குச் சரி சொல்ல வேண்டும். தலைவர் கஸ் ஏற்கனவே அவன் பக்கம். ராய்ஸ் அசையவே மாட்டார். மிச்சம் ஓப்பல். பக்கத்துப் பண்ணைக்காரி, வெகுநாள் பழக்கம். அப்புறம் என்ன? மனு விசாரணை அன்று காலை வெண்டலும் அவன் மனைவி ஜோலினும் வீடு எரிந்ததிலிருந்து அதே நிலத்தில் நிறுத்தித் தங்கியிருந்த கேம்பர் வண்டிக்குள் முட்டியோடு முட்டி இடித்தபடி சிரித்துக்கொண்டேதான் காப்பி குடித்தார்கள்.

எல்லாச் சிக்கலும் நிலத்தில் இருந்தது. கிழக்கே சால்மன் மீன் ஏறி வருகிற ஓடை. அதன் கரையிலிருந்து நூற்றைம்பது அடிக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. மேற்கே ரோடு, அதையும் விட்டுத் தள்ளித்தான் கட்ட வேண்டும். இரண்டையும் கழித்தால் ஒரு கோழிக்கூண்டு வைக்கிற இடம் மிஞ்சும், அதிலும் பாதி செப்டிக் டேங்க். பழைய வீடு விதிக்கு முந்தியது என்பதால் தப்பித்திருந்தது. எரிந்த அன்றே அந்தச் சலுகையும் போயிற்று. இதில் கொடுமை என்னவென்றால், மேல்கரையில் ரிசார்ட் கட்ட வந்தவனை விரட்ட இந்த விதியைப் போட்டபோது, இன்று விசாரணை நடக்கிற இதே ஹாலில் எழுந்து நின்று கைதட்டியவர்களில் வெண்டலும் ஒருவன்.

விசாரணை வழக்கம்போலவே தொடங்கியது. "மனு போட்டவரோட வெளியில யாருக்காவது பேச்சுவார்த்தை, கொடுக்கல் வாங்கல் உண்டா?" என்று கஸ் கேட்டார். எப்போதும் மூன்று தலையும் இல்லையென்று ஆடும், அடுத்த வேலைக்குப் போவார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றார் ராய்ஸ். "ஓப்பல், போன வாரம் பனி கொட்டுச்சே. உங்க வீட்டுப் பாதையில பனியை யாரு தள்ளினது?"

"வெண்டல்தான். வருஷா வருஷம் அவன்தானே தள்றான்!"

"காசு குடுத்தீங்களா?"

"காசா? அவன்கிட்டயா? ஆப்பிள் பை சுட்டுக் குடுத்தேன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. "பை நல்லா இருந்துச்சாடா வெண்டல்?" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். கவுண்டி வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அதைப் பார்த்ததும் வெண்டல் எழுந்தான். "சார், அவங்க வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி உள்ள வரணும். போற வழியில டிராக்டர் பிளேடை இறக்கினேன், அவ்ளோதான். வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை."

"பேசினீங்களா இல்லையாங்கறது இல்லைங்க விஷயம்," என்றார் வக்கீல். "மனு நிலுவையில இருக்கறப்போ ஒரு உதவி கைமாறியிருக்கு. மேடம் ஓட்டுப் போட்டா அந்தத் தீர்ப்பு கோர்ட்ல நிக்காது."

"இந்த ஒரு தடவை தள்ளாம விட்டிருக்கலாமே," என்றார் ராய்ஸ்.

"விட்டிருந்தா அந்த மனுஷன் எப்படி மூச்சு விடுவாரு? நீங்க வந்து ஊதிவிடுவீங்களா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ராய்ஸ் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு உங்க மேல கோபம் இல்லை வெண்டல். கடைசி வெள்ளத்துல இந்த ஓடை எத்தனை வீட்டுக் கழிவை இழுத்துட்டுப் போச்சுன்னு நீங்களே பார்த்தீங்க. முதல் ஆளுக்கே வளைச்சா இந்த விதி எதுக்கு?"

விதி போட்ட அன்று வெண்டலும் இதைத்தான் சொல்லியிருந்தான்.

ஓப்பல் ஓட்டுப் போடாமல் மேடையை விட்டு இறங்கி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கஸ் ஆதரவு, ராய்ஸ் எதிர்ப்பு. சமம் என்றால் மனு தள்ளுபடி. மறுபடி கேட்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்குத் கட்டட அனுமதி கொடுக்கிற திட்ட அலுவலகத்துப் பையன் கிப் ஓடி வந்தான். பாவம், நல்லவன். முகம் சிவந்திருந்தது.

"வெண்டல், இன்னொண்ணு சொல்லணும். நீங்க கேம்பர்ல தங்கறதுக்கான பெர்மிட் வீடு கட்டறவங்களுக்கு மட்டும்தான். இப்ப நீங்க... கட்டறவங்க இல்லை."

"அப்ப நாங்க யாருடா?" என்றாள் ஜோலின்.

"காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியே ஆகணும்க்கா. அனுப்பலைன்னா என் வேலை போயிடும்."

"எங்க அனுப்புவ?"

"உங்க விலாசத்துக்குத்தான்."

"அங்க சாம்பல்தானே இருக்கு!"

"விலாசம் இன்னும் செல்லும்க்கா."

ஜோலின் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நிலத்தை வித்துட்டுப் போயிடலாமா?" என்றாள் வெண்டலிடம்.

"வாங்கறவன் எங்க கட்டுவான்?"

ஹால் படியில் ஓப்பல் நின்றிருந்தாள். பக்கத்தில் வக்கீல். வெண்டலைப் பார்த்து வாயைத் திறந்தவள், வக்கீல் தலையை அசைத்ததும் மூடிக்கொண்டாள்.

வெண்டல் வண்டியைக் கிளப்பினான். கதவை இழுத்துச் சாத்தியபடி, "எங்க போறோம்?" என்றாள் ஜோலின்.

"நோட்டீஸ் வர்ற இடத்துக்கு," என்றான்.